வயிறு நிறைந்த எஞ்சினின் பசி

என் மருமகனின் வேன் ஓடும்போது ஒரு குறையும் சொல்லாது. நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் மாத்திரமே அதற்குள் ஏதோ நிகழ்ந்தது. சம்மாந்துறை வயல் வீதியால் போகும்போதும், மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாரன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு அக்கரைப்பற்று வரை செல்லும்போதும் அதில் இருந்தவர்கள் போனபடியே இறங்கினார்கள். கடையொன்றின் முன்னால் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களோ, இறங்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டு பின் ஆசனத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

அதிகமாகக் காத்திருந்தவள் என் மகள்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு முறை தரித்தும் தங்காமற் போயிருந்தபடியால், பிள்ளை என்ற சொல்லைக்கூட வீட்டில் உரத்துச் சொல்ல நாங்கள் அஞ்சியிருந்தோம். அவளுக்குக் கொடுத்த வீடு என் வளவுக்கு அடுத்தது. மருமகன் அங்கே குடியிருந்து, அந்த வேனால் பிழைத்து வந்தார். அவளுடைய உம்மா, என் மனைவி, உயிரோடிருந்திருந்தால் அந்த மாதங்களில் அவள் எங்கும் தனியே காத்திருக்க நேர்ந்திராது. என் மனைவி மௌத்தாகி ஒரு நோன்பு மாதம் கழிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய மையித்து வீட்டுக்கு வந்ததும் இதே வேனிலேதான். பின் ஆசனத்தை மடக்கி, அந்த இடத்திலே கிடத்திக் கொண்டுவந்தோம்.

முதற் சம்பவம் மருதமுனையில் நடந்தது. மருமகன் நெசவு வீடொன்றினுள் கட்டுகளை எண்ணி எடுத்துக்கொண்டிருக்க, மகள் முன் ஆசனத்தில் இருந்தாள். அவர் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் கண்களைத் திறந்தபடியே எதனையும் பாராமல் இருந்தாளாம். முகம் செக்கச் சிவந்திருந்ததாம். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் இவ்வளவுதான் சொன்னாள்:

"தல கிறுகுது வாப்பா. பின் சீட்டுல ஆரோ இரிந்த மாதிரி."

"ஆரு?"

"தெரியா."

அந்தத் 'தெரியா' என்ற சொல்லை அவள் சற்றுத் தாமதித்தே சொன்னாள். நான் அன்று அதனைக் கவனித்தேன்; பொருட்படுத்தவில்லை.

இரண்டாம் முறை கல்முனைச் சந்தையருகே வாந்தியெடுத்தாள். மூன்றாம் முறை சொந்த முற்றத்திலேயே, நண்பகல் வெயிலில், மயங்கிக் கிடந்தாள். மின்வெட்டு நேரத்தில் ஏசிக்காக வேனில் ஏறி இருந்ததாகக் காரணம் சொன்னாள். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, "மையித்து ஏத்தின வாகனத்துல, அதுவும் உச்சி நேரத்துல, வயித்துப்புள்ளக்காரி போய்க் குந்தலாமா? அதுல ஒண்டு ஏறி இரிக்கி. நான் அப்பவே சொன்னன், ஆரு கேட்ட?" என்றார். உண்மையில் அவர் அதற்கு முன் எதுவும் சொன்னவரல்லர். எனினும் அன்று மாலைக்குள் அந்தத் தெருவுக்கே விடயம் தெரிந்துவிட்டது.

மருமகனோ இரண்டு கவலைகளை ஒன்றாகச் சுமந்து வந்து என் முன் நின்றார்.

"மாமா, உங்கட புள்ளய லெப்பையிட்டக் காட்டி ஓதிப்பாப்பம். இன்னொண்டு, வேன் பெற்றோல் குடிக்கிது. ஓடின தூரத்துக்கும் குடிச்சதுக்கும் கணக்கு ஒத்துவருதில்ல."

"ஜின் பெற்றோலா குடிக்கிது?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்க மாமா. எனக்கும் தல வலிக்கிது."

நான் சிறுவயதில் பள்ளியை விட்டவன். கராஜில் எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டே, கிடைத்த கைந்நூல்களை எழுத்துக் கூட்டி வாசித்து, மோட்டார்த் தொழிலையும் இந்த எழுத்து நடையையும் ஒன்றாகவே கற்றுக்கொண்டேன். கார்பரேட்டர்க் காலம் முடிந்து கணினிக் காலம் வந்தபோது, தொலைபேசியோடு இணைத்துப் பார்க்கும் சிறிய ஸ்கேனர் ஒன்றையும் வாங்கிப் பழகினேன். ஜின்கள் உண்டென்பது எங்கள் நம்பிக்கை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பெற்றோல் கூடுதலாகச் செலவாகும் எஞ்சின் ஒன்றை முதலில் எஞ்சினாகவே பார்க்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஸ்கேனரை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

வாசிப்போர் பயப்பட வேண்டியதில்லை, விடயம் எளிது. எஞ்சின் எரிப்பது பெற்றோலையும் காற்றையும் சேர்த்தே. ஒரு பங்கு பெற்றோலுக்கு, எடைக் கணக்கில், பதினான்கரைப் பங்கிலும் சற்றுக் கூடிய காற்று வேண்டும். காற்றுக் கூடினால் எஞ்சின் பட்டினி கிடக்கும். பெற்றோல் கூடினால் வயிறு முட்டி, எரியாத மிச்சத்தைக் கரியாகவும் நஞ்சாகவும் கக்கும். முற்காலத்தில் நாங்கள் இதனை ஒரு திருகாணியால் திருத்தினோம். எஞ்சினின் குரலே எங்களுக்கு அளவுகோல். இப்போது அதனைச் சிறு கணினியொன்று செய்கிறது. புகை வெளியேறும் குழாயில் ஒட்சிசன் சென்சர் என்றொரு நாக்கு இருக்கிறது. எரிந்து வரும் புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால், "பசிக்கிறது" என்று அந்த நாக்குச் சொல்லும். கணினி பெற்றோலைக் கூட்டும். மிஞ்சவில்லையென்றால் குறைக்கும். இந்தக் கூட்டல் குறைத்தலுக்கே எரிபொருள் திருத்தம் என்று பெயர். அந்தக் கணத்திலே செய்யும் உடனடித் திருத்தம் ஒன்று. நாட்பட்ட பழக்கத்தை நினைவில் வைத்துச் செய்யும் நெடுநாள் திருத்தம் மற்றொன்று. சுகமான எஞ்சினில் இரண்டும் சைபருக்கு அருகிலேயே ஊசலாடிக்கொண்டிருக்கும்.

இந்த வேனிலே, ஓடாமல் நிற்கும்போது, கராஜில் நாங்கள் 'ஸ்லோ' என்று சொல்லும் அந்த மெல்லிய ஓட்டத்தில், நெடுநாள் திருத்தம் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறி நின்றது. உடனடித் திருத்தம் அதற்கு மேலும் சில புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தது. அக்சிலேட்டரில் காலை அழுத்தி எஞ்சினை உரக்க ஓட்டியதும் எண்கள் இறங்கிச் சைபரை நெருங்கின. காலை எடுத்ததும் மீண்டும் ஏறின.

இந்த அடையாளம் எங்களுக்குப் பழக்கமானது. காற்று உள்ளே போகும் வழியில் எங்கோ ஒரு கசிவு. கணக்கில் வராத காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஸ்லோவில் எஞ்சின் குடிக்கும் காற்றே சிறிதாகையால் திருட்டு பெரிதாகத் தெரியும். உரக்க ஓடும்போது கடலில் கரைத்த பெருங்காயம்போல் மறைந்துவிடும். முன் ஆசனத்தைத் தூக்கினால்தான் இந்த வகை வேனின் எஞ்சின் தெரியும். ஆசனத்தைத் தூக்கி, இறப்பர்க் குழாய்கள், கேஸ்கட் விளிம்புகள் யாவற்றிலும் கிளீனரைத் தெளித்துப் பார்த்தேன். கசிவிருந்தால் அந்தத் துளியை உறிஞ்சி எஞ்சினின் குரல் மாறும். மாறவில்லை. எங்கும் கசிவில்லை.

பின்பு பிளக்குகளைக் கழற்றினேன். கசிவால் பட்டினி கிடக்கும் எஞ்சினின் பிளக் வெளிறியிருக்க வேண்டும். இவை நான்கும் விளக்குக் கரிபோல் கறுத்திருந்தன. பசி, பசி என்று அழும் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க, வாய் நிறையச் சோறு இருந்தது போலிருந்தது எனக்கு. பிளக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அந்த முற்றத்தில் நின்றேன். எண்களும் பொய் சொல்லவில்லை, கரியும் பொய் சொல்லவில்லை. ஆகவே பொய் வேறெங்கோ இருந்தது.

அடுத்த நாள் நண்பகல் லுஹர்த் தொழுகைக்குப் பின், மகள் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், நான் தனியே வேனில் ஏறினேன். அவள் இருந்தது போலவே இருந்து பார்ப்பதென்று கண்ணாடிகளை ஏற்றினேன், ஏசியைப் போட்டேன், ஸ்லோவில் ஓடவிட்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளவில் ஒரு காகமும் கத்தவில்லை. தேசிமரத்தின் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது.

ஆசனத்தின் கீழிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டக், டக், டக் என்று, மெல்லியதாக, விட்டுவிட்டு. வால்வு இடைவெளியின் சத்தமென்று அதனை முன்னரே ஒதுக்கியிருந்தேன். அன்று அது எனக்கு வேறு விதமாகக் கேட்டது. என் மனைவி மருதமுனையில் பிறந்தவள். மணமான பின்பும் பல வருடங்கள் எங்கள் பின்னறையில் தறி அடித்தவள். கைத்தறியில் நாடா ஓடி, அச்சுப் பலகை வந்து நூலை அடிக்கும் அந்தத் தாளம் என் உறக்கத்தோடு கலந்தது. அதே தாளம். அதே இடைவெளி. இடையில் நூல் அறுந்தால் அவள் நிறுத்துவாளே, அது போன்ற ஒரு நிறுத்தமும் கூட.

நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று வலித்தது. தொலைபேசியின் எண்கள் ஒன்றன்மேலொன்று படிந்து தெரிந்தன. எனக்குப் பின்னால் துணி உரசும் ஓசை கேட்டது. நான் திரும்பவில்லை; பின்பார்க்கும் கண்ணாடியில் மாத்திரம் பார்த்தேன். பின் ஆசனத்தின் மூலையில் வெள்ளைத் துணியொன்றின் கரை, பச்சை நிறக் கரை, மடிந்து நழுவுவதைக் கண்டேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. மண்ணில் குந்தியிருந்து ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு நினைவு வந்தது. வயது, வெயில், வெறும் வயிறு என்று எனக்கு நானே காரணங்களைச் சொல்லிக்கொண்டேன். வேனுக்குள் எரிந்த பெற்றோலின் வாடை இருந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுதும் கராஜில் கிடந்த என் மூக்குக்கு அது வாடையாகவே படுவதில்லை. பச்சைக் கரையைப் பற்றி நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. மருமகன் லெப்பையை அழைத்து வருவதாக மறுபடி கேட்டபோது, "கூட்டி வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

லெப்பை எனக்குப் பழக்கமானவர்; என் வயதுக்காரர். ஓதிப்பார்ப்பதற்கு அவர் கைநீட்டி எதுவும் வாங்குவதில்லை. அஸர்த் தொழுகை முடிந்து வந்தவர், என் கையிலிருந்த ஸ்கேனரைக் கண்டதும் சிரித்தார்.

"மச்சான், நீங்க உங்கட கொம்பியூட்டருக்கு ஓதுங்க. நான் குர்ஆன ஓதுறன். ஆருட ஓதலுக்கு அது இறங்குது எண்டு பாப்பம்."

"இறங்கினா வாடக கேளுங்க மச்சான். பெற்றோல் விக்கிற விலைக்கு சும்மா ஏறி இரிக்க ஏலா."

மகளும் சிரித்தாள். ஆனால் அவளுடைய கண்கள் வேனிலேயே இருந்தன. அச்சப்பட்டவளின் பார்வையாக அது எனக்குத் தோன்றவில்லை. விருந்துக்கு வரவேண்டியவர் இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்ப்பவர்களின் பார்வையாக இருந்தது.

எங்கள் ஊரில் இப்படியான ஓதலுக்கு ஒரு முறை உண்டு. வியாழன் அந்தியில், மஃரிப் வேளையில், வீட்டுக்குப் பிடிப்பது போலச் சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி பிடித்து, புகை அடங்கும்படி கதவு யன்னல்களைச் சாத்தி, நடுவில் நோயாளியை இருத்திக் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவார்கள். அது நின்ற ஓட்டத்தில் மாத்திரமே வருகிறது என்று மருமகன் சொன்னபடியால் எஞ்சினையும் ஓடவிடுவதென்று முடிவாயிற்று. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றப்பட்டன. லெப்பையும் மகளும் நடு ஆசனத்தில்; நானும் மருமகனும் முன்னே. சட்டியை எங்கள் இருவருக்கும் இடையில், எஞ்சின் மூடியின் மேல் வைத்தார் மருமகன். அடைத்து வைத்த ஒரு வாகனத்தில் இதைவிடப் பெரிய தவறொன்றை நான்கு பேர் கூடிச் செய்ய முடியாது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

லெப்பை பிஸ்மியோடு தொடங்கினார். அவருடைய குரல் கணீரென்றது. சாம்பிராணியின் மணம் நிறைந்தது. ஆசனத்தின் கீழே தறியின் தாளம் நடந்துகொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் ஓதல் தடுமாறியது. அவர் ஓர் ஆயத்தை ஓதி, அதனையே மறுபடி ஓதி, பின்பு நின்றார். மனனமாக, உறக்கத்திலும் ஓதக்கூடிய சூறா அது. ஊரின் மையித்து வீடுகள் எல்லாவற்றிலும் அவர் ஓதிய சூறா.

"மச்சான்," என்றார், நாக்குத் தடித்தவர் போல. "எனக்கு... அடுத்தது வருதில்ல."

அவர் பயந்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். மருமகன் யன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து மூடிய கண்களோடு இருந்தார். எனக்கும் நெற்றிப் பொட்டு அடிக்கத் தொடங்கியிருந்தது. பின்னால் பார்க்க அஞ்சி, கண்களைச் சட்டியின் மேல் பதித்தேன்.

புகை மூச்சு விட்டது.

சட்டியிலிருந்து நேரே மேலெழ வேண்டிய புகை, எஞ்சின் மூடியின் விளிம்பருகே ஒருமுறை விலகி, ஒருமுறை அடங்கி, மீண்டும் விலகியது. டக் என்று சத்தம் கேட்கும்தோறும் விலகியது. சத்தம் அடங்கும் இடைவெளியில் அடங்கியது. மூடியின் அடியில் உயிருள்ள ஏதோ படுத்திருந்து மூச்சு வாங்குவது போலவே இருந்தது. நான் அதனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓடிப்போ என்று உடம்பு சொன்னது, உடம்பு அசையவில்லை. அப்போதுதான், மங்கிக்கொண்டிருந்த அறிவின் ஒரு மூலையில், கறுத்த பிளக்குகள் நான்கும் ஞாபகத்துக்கு வந்தன. மூச்சு வாங்கினால் காற்று உள்ளே போகும். மூச்சு விட்டால் புகை வெளியே வரும். உள்ளே போகும் குழாயிலே தேடினேன். வெளியே வரும் குழாயை நான் பார்க்கவேயில்லை.

சாவியை நோக்கிக் கையை நீட்டினேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது.

"நிப்பாட்டாதீங்க வாப்பா." என் மகளின் குரல் அமைதியாக, இனிமையாக இருந்தது. "உம்மா இப்பதான் வந்து இரிந்தாங்க. நிப்பாட்டினா எழும்பிப் போயிருவாங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் லெப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. தனக்குப் பின்னால், ஒருவரும் இல்லாத ஆசனத்தின் மூலைக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரோ துடைத்துவிடுவதற்காகக் கொடுப்பது போல.

சாவியைத் திருப்பினேன். கதவைக் காலால் உதைத்துத் திறந்து இறங்கி, நடுக் கதவையும் இழுத்தேன். தறி நின்றது. மகள் ஒரு சிறு பிள்ளையைப் போல விம்மி அழுதபடி என் கைகளில் சரிந்தாள். அடுத்த வீட்டு மாமியின் கூக்குரலைக் கேட்டு ஓடிவந்தவர்கள் ஏனைய இருவரையும் மண்ணில் இறக்கிக் கிடத்தினார்கள். ஓர் ஓட்டோவில் ஏற்றி, திரைகளைச் சுருட்டிக் கட்டி, காற்று முகத்தில் அடிக்கும்படி மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே கடமையிலிருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த இளம் பெண் வைத்தியர். நான் நடந்ததைச் சொன்னேன். ஓதலையும் சொன்னேன், புகையையும் சொன்னேன், பிளக்கின் கரியையும் சொன்னேன். அவர் எதற்கும் சிரிக்கவில்லை. மகளின் முகத்தில் ஒட்சிசன் மூடியைப் பொருத்தச் சொல்லிவிட்டு, வயிற்றில் கருவியை வைத்து நெடுநேரம் செவிமடுத்தார். அந்த நேரத்தில் நான் உலகத்தில் வேறெந்தச் சத்தத்தையும் கேட்க விரும்பவில்லை.

"துடிப்பு இருக்கு, ஐயா," என்றார் கடைசியில். "ஆனா இது பொல்லாத வாயு. தாயிட இரத்தத்தில ஏறினதவிடப் பிள்ளையிட இரத்தத்தில கூட ஏறும், இறங்கவும் நாள் எடுக்கும். இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா நான் உங்களோட வேற மாதிரிக் கதைச்சிருப்பன். எத்தின தரம் இப்படி அந்த வாகனத்துக்குள்ள இருந்தவ?"

"மூணு தரம்," என்றேன். "இண்டையோட நாலு."

மூடியின் கீழே என் மகள் தலையை அசைத்தாள். இல்லை என்று.

வைத்தியர் வெளியே போன பின்பு அவளிடம் கேட்டேன். ஒட்சிசன் மூடியைச் சற்று விலக்கி, முகட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒவ்வொரு நாளும் வாப்பா. அவர் லுஹருக்குப் பள்ளிக்குப் போன பொறகு. சாவி ஆணியிலதானே தொங்கும்."

பெற்றோல் கணக்கு ஒத்துவராததன் பாதிக் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

"முதல் நாளே உம்மாவெண்டு தெரியுமா?"

"ஓம்."

"ஏன் மகள் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க திருத்திருவீங்க."

உம்மா என்ன கதைத்தா என்று கேட்டேன். ஒன்றும் கதைக்கவில்லை என்றாள். தறி அடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு வந்து பக்கத்தில் இருந்து, முக்காட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிடுவா. "அந்தப் பச்சைக் கர போட்ட வெள்ளச் சீல," என்றாள். என் மனைவி தானே நெய்து தனக்கென்று வைத்துக்கொண்ட சேலை அது. நானும் அறிவேன், மகளும் அறிவாள். நச்சுக் காற்றில் மயங்கிய இருவருக்கு ஒரே சேலை தோன்றியதில் வியப்பில்லை என்று என் அறிவு சொல்கிறது.

வெப்பத்தைத் தடுக்கும் தகட்டைக் கழற்றியபோது குற்றவாளி அகப்பட்டது. எஞ்சினிலிருந்து புகை இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயின் வளைவில், ஒட்சிசன் சென்சருக்குச் சற்று முன்பாக, மயிர் போன்ற ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிக் கரி. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை. அடி அடியாக வரும். ஓர் அடியில் புகை வெடிப்பால் வெளியே கக்கும். அடுத்த இடைவெளியில் வெளிக்காற்றை உறிஞ்சும். உறிஞ்சிய அந்தக் காற்றையே சென்சர் சுவைத்து, பசி என்று சாட்சி சொன்னது. கணினி அந்தப் பொய்ச் சாட்சியை நம்பிப் பெற்றோலை ஊற்றியது. ஏற்கனவே வயிறு நிறைந்திருந்த எஞ்சின், எரிக்க மாட்டாததைக் காபனோரொட்சைட்டு என்னும் நிறமற்ற, மணமற்ற நஞ்சாக்கி, அதே வெடிப்பால் வெளியே விட்டது. மூடியின் ஓர இறப்பர் தேய்ந்திருந்தபடியால் அந்த நஞ்சு ஆசனத்தினூடாக உள்ளே வந்தது. வேகமாக ஓடும்போது புகை விடாமல் வருவதால் உறிஞ்சல் குறைந்தது. வீதிக் காற்றும் மிச்சத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. தறியின் தாளம், வெடிப்பு மூச்சுவிட்ட சத்தம்.

லெப்பை வந்து அந்த வெடிப்பைப் பார்த்தார். விரலால் கரியைத் தொட்டார்.

"ஜின்னெண்டா யாசீனுக்கு ஓடியிரிக்கும்," என்றார். "யாசீன என்ட வாயிலிருந்து எடுத்தது வேற என்னமோ எண்டு அப்பவே எனக்குப் பட்டது மச்சான். சொல்ல நாக்கு வரல்ல." பிறகு சட்டென்று, "உங்கட கொம்பியூட்டரும் ஏமாந்துதானே?" என்றார்.

"ஏமாந்தது," என்றேன். "நானும்."

வேறு குழாயைப் பொருத்தினோம். புதிய இறப்பரைச் சுற்றி ஒட்டினோம். எஞ்சினை ஓடவிட்டேன். சத்தம் எதுவுமில்லை. உடனடித் திருத்தம் உடனே கீழே பாய்ந்தது. நெடுநாள் திருத்தமோ பழைய பசியின் நினைவிலேயே உயரத்தில் நின்றது. கணினிக்கு அது மறக்கச் சில பயணங்கள் தேவை. பற்றரியின் வயரைக் கழற்றிவிட்டால் நினைவு ஒரேயடியாக அழிந்துவிடும். தொழிலில் அதுவே வழக்கம். ஸ்பனரை எடுத்தேன். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மகள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"அதென்ன செய்யப் போறீங்க?"

சொன்னேன்.

"அழிக்காதீங்க வாப்பா. தானாக் குறையட்டும்."

அப்படியே விட்டேன். மருமகன் கண்ணாடிகளைத் திறந்தபடி ஓட்டினார். ஒவ்வொரு பயணத்தின் பின்பும் நான் எண்ணைப் பார்த்து வந்து சொன்னேன். அவள் கேட்டுவிட்டு உள்ளே போவாள். இருபதுக்குக் கீழே இறங்கியது. பிறகு பத்துக்குக் கீழே. வேன் சாவியை நான் என் இடுப்பிலேயே வைத்திருந்தேன். அவள் ஒருநாளும் அதனைக் கேட்கவில்லை. ஆயினும் நண்பகலில் யன்னலருகே வந்து நின்று முற்றத்தைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை மாதம் நிறைந்து பிறந்தது. பெண். நிறை சற்றுக் குறைவு என்றார்கள். அழுகை குறைவில்லை.

மூன்றாம் நாள் அவர்களை அழைத்து வர நானும் மருமகனோடு அதே வேனில் போனேன். வீட்டு வாசலில் வந்து நின்றதும் மருமகன் சாமான்களை இறக்கப் போனார். எஞ்சின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் இருந்தாள். நானும் இறங்கவில்லை. கண்ணாடிகள் யாவும் இறக்கப்பட்டிருந்தன; கடற்காற்று இந்தப் பக்கத்தால் வந்து அந்தப் பக்கத்தால் போயிற்று. இருவருமே செவிமடுத்துக்கொண்டிருந்தோம் என்பது இருவருக்கும் தெரியும்.

"எவ்வளவு காட்டுது?" என்று என் கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்துக் கேட்டாள்.

"சைபருக்குக் கிட்ட."

அவள் பின் ஆசனத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, அந்த மூலைக்குத் தெரியும்படி சற்றே உயர்த்திப் பிடித்தாள். சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தாள். ஆளில்லா வீட்டினுள் நுழையும்போது சொல்வது போன்ற தாழ்ந்த குரலில் ஸலாம் சொன்னாள். பதில் வருவதற்கான நேரத்தையும் கொடுத்தாள் என்றே நினைக்கிறேன்.

பிறகு பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எஞ்சின நிப்பாட்டுங்க வாப்பா," என்றாள்.